கீழே இறங்காத திரைச்சீலை

சலவைக்கூடத்தில் அன்று காலை இருந்தவர்கள்: துவைக்கும் இயந்திரங்களை மேய்க்கும் மிஷின்காரர், விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளை மடிக்கும் 'ரேடியோ', வாசலோரம் நாற்காலி போட்டு ஒரு கண்ணைச் செய்தித்தாளிலும் மறு கண்ணை இவர்கள் மேலும் வைத்திருந்த சூப்பர்வைசர், இஸ்திரி மேசையில் அவள், அப்புறம் கஞ்சித் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்த ஃபோனுக்குள் அவளுடைய கணவர். கடைசி ஆளுக்குச் சம்பளம் கிடையாது. மற்றபடி அவரும் அவர்களில் ஒருவர்தான். வருகிறவர்கள் அவருக்கு வணக்கம் வைத்துவிட்டுத்தான் ஏப்ரன் மாட்டினார்கள். பேருந்து ஓட்டியவர் என்பதால் டிரைவர் என்றே கூப்பிட்டார்கள். ரேடியோ, வாயை மூடத் தெரியாததால் அந்தப் பெயர் வாங்கியவள், தன் மாமியாரைப் பற்றிய வழக்குகளை அவரிடம்தான் தீர்ப்புக்கு விடுவாள். அவர் கட்டிலில் படுத்தபடி இடது கையை உயர்த்தினால் அவள் பக்கம் நியாயம். வலது கையை உயர்த்த அவரால் முடியாது என்பதால் அவள் ஒரு வழக்கிலும் தோற்றதில்லை.

பக்கவாதம் வந்து வேலை போனபின் வந்த ஏற்பாடு இது. வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆள் வைத்தால் அவள் சம்பளம் அந்த ஆளுக்கே சரியாகப் போய்விடும். எனவே காலையில் அவருக்கு வேண்டியதைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைப்பாள், கட்டிலின் கால்மாட்டில் ஒரு ஸ்டூல் போட்டு அவருடைய ஃபோனில் வீடியோ அழைப்பைத் திறந்து நிறுத்துவாள், வெளியே பூட்டுப் போட்டுவிட்டுக் கிளம்புவாள். மாலையில் பூட்டைத் திறக்கும்வரை அந்த அழைப்பு அணையாது. பேசிக்கொள்ள மாட்டார்கள். இயந்திரச் சத்தத்தில் பேசினாலும் கேட்காது என்று ஒலியைக் குறைத்தே வைத்திருந்தாள்; ரேடியோவின் வழக்கு நேரத்தில் மட்டும் கூட்டுவாள். அவர் இருக்கிறாரா, புரண்டு விழாமல் இருக்கிறாரா, அது தெரிந்தால் போதும்.

அவளுக்கு இந்தத் தைரியத்தைக் கொடுத்தவர் சிம் கடைக்காரர். குடும்பத் திட்டம், இரண்டு எண்ணுக்கும் ஒரே கட்டணம், அன்லிமிடெட், கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்துங்கள், ஏனென்று கேட்க ஆளில்லை என்றார். அவள் அந்தச் சொல்லை அப்படியே நம்பினாள். கம்பெனியிலிருந்து வரும் குறுஞ்செய்திகளை அவள் படிப்பதே இல்லை. கடன் வேண்டுமா, பாட்டு வேண்டுமா, பரிசு வேண்டுமா என்று நச்சரிக்கும் கூட்டம் அது. ஈ ஓட்டுவதுபோல் விரலால் தள்ளிவிடுவாள். அந்த வாரம் ஈக்கள் கொஞ்சம் அதிகமாகவே வந்தன. அதையும் அவள் பொருட்படுத்தவில்லை.

அன்று தேநீர் வேளைக்குப் பிறகு அவர் நெற்றிமேல் கையைப் போட்டுத் தூங்கிப்போனார். படத்தில் அப்படித்தான் தெரிந்தது. ராத்திரியெல்லாம் கண் மூடாமல் கூரையைப் பார்த்துக் கிடக்கிற மனிதர். அவளுக்கு வயிறு குளிர்ந்தது. தூங்குகிறார் என்று சைகை காட்டினாள். ரேடியோ குரலைத் தணித்தாள். மிஷின்காரர்கூடக் கதவை அறையாமல் மெதுவாகச் சாத்தினார். அந்தப் பக்கம் ஒன்றும் கேட்காது என்பது யாருக்கும் உறைக்கவில்லை. கூடம் முழுக்க ஒரு மனிதனின் தூக்கத்தைப் பாதுகாத்துக்கொண்டு வேலை செய்தது. விரிப்புக்கு மேல் விரிப்பாகத் தேய்த்துத் தள்ளினாள் அவள். திரையில் ஆவி படியும்போதெல்லாம் துடைத்துவிட்டுப் பார்த்தாள். அதே கை, அதே நெற்றி. இப்படி நிம்மதியாக வேலை பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று நினைத்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் ரேடியோதான் ஃபோனருகே குனிந்தாள். வழக்கு ஒன்று பாக்கி இருந்தது.

"அக்கா, ஜன்னல் திரையப் பாருங்க. காத்துல தூக்குனது இன்னும் கீழ இறங்கல."

திரைச்சீலை வயிற்றைத் தள்ளிக்கொண்டு அந்தரத்தில் நின்றிருந்தது. மேலே மின்விசிறியின் மூன்று இறக்கைகளும் தனித்தனியாகத் தெரிந்தன. ஓடும் விசிறியில் அப்படித் தெரியாது. அவள் ஃபோன் திரையைத் தேய்த்தாள், தட்டினாள், அழைப்பைத் துண்டித்து மறுபடி போட்டாள். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. சாதாரண அழைப்பில் கூப்பிட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. ரேடியோ ஃபோனை வாங்கி, தள்ளிவிட்ட செய்திகளைத் தோண்டிப் படித்தாள். விதிகள் மாறிவிட்டனவாம். நியாயமான பயன்பாட்டு அளவு முடிந்துவிட்டதாம். வேகம் குறைக்கப்பட்டுள்ளதாம். பழைய வேகம் வேண்டுமென்றால் கூடுதல் கட்டணமாம்.

"முடிவே இல்லாததுக்கு எப்படிடி அளவு வரும்?" என்றாள் அவள். பதிலுக்கு நிற்கவில்லை. சூப்பர்வைசர், "எங்கே?" என்று கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.

பேருந்தில் நின்றுகொண்டே வந்தாள். ஒரு படத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறோம் என்பதுதான் அவளை அறுத்தது. அவர் விழுந்து கிடந்திருந்தாலும் அந்தப் படத்தில் தூங்கிக்கொண்டுதான் இருந்திருப்பார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறவர்கள் நிதானமாக ஏறினார்கள். அவர்கள் எல்லாரையும் மனதுக்குள் திட்டினாள். சிம் கடைக்காரரைத் தனியாக, விரிவாகத் திட்டினாள்.

பூட்டைத் திறந்தாள். கட்டில் காலி. கீழே பார்த்தாள், இல்லை. தரையில் தண்ணீர் ஓடியிருந்தது. அதைத் தொடர்ந்து போனாள். சமையலறையில், காய் நறுக்க அவள் உட்காரும் முக்காலியில், இடுப்புவரை நனைந்து, கையில் தம்ளரோடு அவர் உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த ஊன்றுகோல் அவர் காலருகே கிடந்தது. அது வந்த நாளிலிருந்து துண்டு காயப்போடத்தான் பயன்பட்டிருந்தது.

அவள் கத்தத்தான் போனாள். அதற்குள் அவர் சிரித்தார். பாதி முகத்தால் சிரிக்கும் அந்தச் சிரிப்பைப் பார்த்தும் பல காலமாகியிருந்தது.

"உன் படம்... நின்னுபோச்சு," என்றார். ஒவ்வொரு சொல்லையும் இழுத்து வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. "கண்ண மூடிக்கிட்டு... இஸ்திரி போட்ட."

"நான் செத்துப் பொழச்சு ஓடி வரேன், உங்களுக்குச் சிரிப்பு. யாரக் கேட்டு எந்திரிச்சீங்க?"

அவர் யோசித்தார். "நீ பாக்கலன்னு தெரிஞ்சுது. அதான்."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒருமுறை கட்டிலிலிருந்து காலைத் தொங்கப்போட்டதற்கே அவள் வேலையை விட்டுவிட்டு ஓடிவந்திருக்கிறாள். அரை நாள் சம்பளம் போயிற்று. அதற்குப் பிறகு அவர் அசையவில்லை. அவள் கண்ணெதிரே விழக்கூடாது என்று, அவள் கண்ணெதிரே எதையும் செய்வதில்லை என்று முடிவெடுத்திருக்கிறார். அவளோ நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். வருடக்கணக்கில் பேருந்து ஓட்டிய மனிதரை ஒரு படச்சட்டத்துக்குள் படுக்கவைத்து, அதைக் காவல் காத்திருக்கிறாள். அவள் தரையைத் துடைத்தாள். பிறகு அவருக்கு வேட்டி மாற்றினாள். கட்டிலுக்குக் கூட்டிப்போகத் தோள் கொடுத்தபோது அவர் வேண்டாமென்று சுவரைக் காட்டினார். சுவரில் அவருடைய ஈரக் கையின் தடங்கள் கட்டிலிலிருந்து சமையலறைவரை வரிசையாக இருந்தன.

மாலையில் சிம் கடைக்குப் போனாள். கடைக்காரர் அசரவில்லை.

"அன்லிமிடெட்தாம்மா. வேகத்துக்குத்தான் லிமிட்டு."

"எங்க வேணா நடக்கலாம், ஆனா காலக் கட்டிக்கிட்டு நடக்கணுங்கிறீங்க."

நாள் முழுக்க இப்படி ஓடினால் ஏதோ ஆபீஸ் நடக்கிறது என்று கம்பெனி நினைத்துக்கொள்ளும் என்றார். ஆபீஸ்தான், ஒரே ஓர் ஆள் படுத்திருக்கிற ஆபீஸ் என்றாள் அவள். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. மாதாமாதம் கூடுதல் பேக் போட்டால் படம் நிற்காது, இப்போதே போட்டுவிடட்டுமா என்று கேட்டார். அவள் பர்ஸைத் திறந்துவிட்டாள். விலையைப் பற்றிக்கூட நினைக்கவில்லை. சுவரில் இருந்த தடங்கள் இந்நேரம் காய்ந்திருக்கும் என்று நினைத்தாள். பர்ஸை மூடி, சாதாரண அழைப்புக்கு இதெல்லாம் உண்டா என்று கேட்டாள். அதற்கு இல்லை என்றார். ஒரு ஃபோனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கயிறு இருக்கிறதா என்று கேட்டு, அதை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை ஸ்டூல் கால்மாட்டில் இல்லை. கட்டிலுக்கும் சமையலறைக்கும் நடுவே, மூச்சு வாங்கினால் உட்கார, அதைப் போட்டிருந்தாள். ஃபோன் அவர் கழுத்தில் தொங்கியது. தேநீர் வேளையில் ஒன்று, சாப்பாட்டு வேளையில் ஒன்று, இரண்டு தடவை கூப்பிட வேண்டும், தவறினால் ஓடி வருவேன் என்று மிரட்டினாள். தலையாட்டினார். ரேடியோவின் வழக்கையும் ஃபோனிலேயே கேட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

வெளியே வந்து பழக்கத்தில் பூட்டுப் போடப் போனாள். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வேணாம். நான்... போடுறேன்."

அவள் பூட்டைக் கையில் பிடித்தபடி கதவுக்கு வெளியே நின்றாள். ஊன்றுகோல் தரையில் முட்டியது. ஒரு கால் வந்தது, மற்றது இழுபட்டு வந்தது. நடுவில் சத்தம் நின்றது. அவள் கதவைத் தள்ளவில்லை. மறுபடி ஊன்றுகோல். கதவு அவள் முகத்துக்கெதிரே சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் உரசியது, வழுக்கியது, இன்னொரு முறை உரசியது. பிறகு அது கடைசிவரை போய் விழும் சத்தம் கேட்டது.