பின்வரிசைக் கேள்வி

சட்டசபையின் பின்வரிசையில் மைக் கொஞ்சம் தாழ்வு. குனிந்துதான் பேச வேண்டும். சுகாதார அமைச்சராக முன்வரிசையில் நெஞ்சை நிமிர்த்தி நின்ற காலத்தில், பின்னால் இருப்பவர்கள் ஏன் இப்படிக் கூனிக்குறுகுகிறார்கள் என்று உள்ளுக்குள் சிரித்தவர்தான் அவர். பதவி போன பிறகு இன்றுதான் முதல் தடவையாகக் கேள்வி கேட்க எழுந்தார்.

தொகுதி மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவு எப்போது வரும்? கேட்டது தொகுதிக்காக, மனசில் இருந்தது தங்கை. ஒன்றுவிட்டு ஒரு நாள் விடியுமுன் பஸ் ஏறி, பக்கத்து மாவட்டத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, வாடிய கீரையாகத் திரும்பி வருகிறாள். இந்த அலைச்சலை அவள் உடம்பு ரொம்ப நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொந்தத் தொகுதிக்கே அள்ளிக் கொடுத்துக்கொண்டார் என்று ஊர் வாயில் விழக் கூடாதென்று, அமைச்சராக இருந்தபோது அந்தப் பிரிவைத் தள்ளித் தள்ளிப் போட்டவரும் இதே மனிதர்தான். நேர்மையானவர் என்று பெயர் எடுத்தார். அப்போது தங்கைக்கு நோய் இல்லை.

புதிய அமைச்சர் எழுந்தார். இவரிடம் துணை அமைச்சராக இருந்து தொழில் கற்றவர்.

"உறுப்பினரின் அக்கறையை அரசு முழுமையாக உணர்கிறது. நிதி நிலைமையைப் பொறுத்து, இது முன்னுரிமையுடன் பரிசீலிக்கப்படும்."

முதல் சொல் விழுந்ததுமே அடுத்த சொல் இவருக்குத் தெரிந்துவிட்டது. இவருடைய சொந்தச் சரக்கு. பதவியேற்ற புதிதில், அதிகாரிகள் ‘இயலாது’ என்று எழுதித் தந்ததை அடித்துவிட்டு, கேட்பவர் மனம் நோகாமலும் கொடுப்பவர் கை நோகாமலும் உட்கார்ந்து செதுக்கியது. எத்தனை பேரை இதைச் சொல்லி உட்கார வைத்திருக்கிறார்! துணைக் கேள்வி உண்டா என்றார் சபாநாயகர். அதற்கு வரும் பதிலும் இவர் சொல்லிக் கொடுத்ததுதான். நன்றி சொல்லி உட்கார்ந்தார். வெட்கம் பிடுங்கித் தின்றது. கொஞ்ச நேரத்தில் எழுந்து வெளியே வந்துவிட்டார்.

தாழ்வாரத்தில் அமைச்சர் பின்னாலேயே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். மரியாதையில் நடிப்பில்லை.

"நீங்க எழுதுனதத்தான் படிச்சேண்ணே. அதவிட நல்லா யாரால சொல்ல முடியும்?"

"கிடைக்குமா தம்பி?"

அமைச்சர் அவரை விநோதமாகப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாததாண்ணே?"

இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்ததால் அமைச்சர் உள்ளே விரைந்தார். அதற்குள் தங்கையின் போன். டிவியில் எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். குரலில் பல மாதமாக இல்லாத தெம்பு.

"முன்னுரிமைன்னே சொல்லிட்டாரே அண்ணா. பக்கத்து வீட்டுலகூட சொல்லிட்டேன். இன்னும் கொஞ்ச நாள் பல்லக் கடிச்சுக்கிட்டுப் போயிட்டு வந்தாப் போதும்ல?"

அவர் வாயைத் திறந்தார். போனுக்குள் அவள் வீட்டு டிவி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது கேட்டது. யாரோ ஓர் உறுப்பினருக்கு அமைச்சர் பதில் சொல்ல ஆரம்பித்திருந்தார். உறுப்பினரின் அக்கறையை அரசு...

"சாப்டியாம்மா? மாத்திர போட்டியா? வெயில்ல வெளிய போகாத," என்று சத்தமாகப் பேசத் தொடங்கினார். அந்தப் பதில் அவள் காதில் விழாதபடி, டிவிக்கு மேல் தன் குரலை ஏற்றி, மூச்சு விடாமல். தாழ்வாரத்தில் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.