காட்டுக்குள் தமிழ் கூடாது

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் என்று தோட்டத்தில் எனக்குப் பெயர். கங்காணி ஒன்று சொன்னால் நான் ஒன்பது சொல்வேன். அண்ணன் இந்திரகுமார் நேர்மாறு. நீங்கள் ஒன்பது சொன்னாலும் அவனிடமிருந்து ஒரு 'ம்' வந்தால் பெரிய காரியம். ஒரே வயிற்றில் பிறந்ததுகளா இதுகள் என்று எங்கள் வரிசைவீடு, அந்த லயமே கேலி பண்ணும். அண்ணன் செத்தது இரண்டாயிரமாம் ஆண்டு, ஆனி மாதத்து மழையில்.

எங்களுடையது கலவானைக்கு மேலே ஒரு றப்பர் தோட்டம். மழை பெய்தால் பால் வெட்டு கிடையாது. அந்தப் பக்கத்து மழையோ, தொடங்கினால் நிற்க மறந்துபோகும் மழை. லயத்தில் குந்திக்கொண்டு கூரை ஒழுகுவதைப் பார்ப்பதற்குப் பதிலாக நாங்கள் ஜினதாசவோடு மரை வேட்டைக்குப் போவோம். மரை என்றால் பெரிய சாதி மான். சுடுவது குற்றம்தான், யாருக்குத் தெரியாது? வீட்டில் கறி என்று வாயில் வைத்தது எப்போது என்று யோசித்துப் பார்த்தால் குற்றமெல்லாம் மறந்துபோகும்.

ஜினதாச தோட்டத்து எல்லைக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் தேயிலையும் மிளகுக்கொடியும் வைத்திருந்த சிங்களவர். அறுபது வயது. பன்றி விரட்ட லைசன் எடுத்த ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று அவரிடம் இருந்தது. அத்தனை வருஷம் வெடி வைத்ததில் வலது காது மந்தம். எங்களை 'மல்லி' என்று கூப்பிடுவார், தம்பி என்று அர்த்தம். நாங்கள் அவரை 'அய்யே' என்போம், அண்ணன் என்று அர்த்தம்.

நாங்கள் போகும் காடு, பலகைக்காக மரத்தையெல்லாம் வெட்டி எடுத்துக்கொண்டு மொட்டையாக விட்டுப்போன காடு. மரம் இழுத்த டிராக்டர் பாதை மட்டும் மலையோடு வளைந்து வளைந்து கிடக்கும். இரண்டு பக்கமும் ஆள் மறையும் உயரத்துக்குப் பன்னப் புதர். பெரிய மரம் இல்லாததால் வெயில் பட்டு இளந்தழை முளைக்கும், அதைத் தின்ன மரை இறங்கும். பாதையின் கீழ் வளைவில் ஜினதாச துவக்கோடு குந்தியிருப்பார். மேலேயிருந்து ஒரு பக்கத்துப் புதரில் அண்ணனும் மறு பக்கத்துப் புதரில் நானும் தடியால் தட்டிக்கொண்டு இறங்குவோம். மிரண்ட மரை ஓட லேசான இடம் தேடிப் பாதைக்குப் பாயும். பாதையில் எது அசைந்தாலும் அவர் சுடுவார்.

அதனால்தான் ஒரு கட்டளை. ஒவ்வொரு முறையும் புதருக்குள் இறங்குமுன் விரலை நீட்டிச் சொல்வார்: "மம என்ன கியனகங் என்ன எப்பா." நான் வா என்று சொல்லும்வரை வராதே. சிங்களத்தில் 'என்ன' என்றால் 'வா'. நம்முடைய 'என்ன' மாதிரியேதான் சத்தம், வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு கட்டளையும் இருந்தது. காட்டுக்குள் தமிழ் கூடாது. சண்டை நடந்த காலம். புதருக்குள்ளிருந்து தமிழ் கேட்டால் புலி வந்துவிட்டது என்று எவனாவது ஓடிப்போய்ச் சொல்வான், அப்புறம் கதை கந்தல். அண்ணன் அந்தக் கட்டளையைச் சாமி வாக்கு மாதிரி வைத்திருந்தான். காட்டு எல்லையைத் தாண்டியதும் அவன் நாக்கு மட்டுமல்ல, காதும் சிங்களமாகிவிடும். எனக்கு அப்படி வராது. இரண்டு முறை வாய் தவறித் தமிழில் கத்தி அவனிடம் வாங்கிக் கட்டியிருக்கிறேன்.

"ஒன் வாயாலதான்டா ஒரு நாளைக்கு நாம சாகப்போறோம்," என்பான்.

"செத்தா நீ பேசாம சாவ, நான் பேசிக்கிட்டு சாவேன், அவ்வளவுதானே," என்பேன்.

அன்றைக்குப் பகல் இரண்டு மணி இருக்கும். பாதி இறங்கிவிட்டோம். எனக்கு முன்னால் எதுவோ புதரை முறித்துக்கொண்டு கீழே ஓடியது. மரைதான். பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அண்ணன் எதையோ கேட்டான். மழையில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. காலில் வேறு அட்டை ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு எரிச்சல்.

"என்ன?" என்று கத்தினேன்.

அண்ணனின் புதர் விலகும் சத்தம் கேட்டது. பிறகு வெடி.

நான் பாதைக்கு வந்தபோது ஜினதாச துவக்கைப் போட்டுவிட்டு ஓடி வந்துகொண்டிருந்தார். அண்ணன் பாதை நடுவில் குப்புறக் கிடந்தான். இரண்டு பேரும் சேர்ந்து திருப்பினோம். வயிற்றில் குண்டு. அவன் என்னைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தான். "அய்யே, என்ன கிவ்வனே," என்றான். நீங்கள்தானே வரச் சொன்னீர்கள். கோபமாகச் சொல்லவில்லை, விளக்கம் சொல்கிற மாதிரிச் சொன்னான். தோளில் போட்டுத் தூக்கிக்கொண்டு கீழே வந்தோம். தோட்டத்து லொறி வருவதற்குள் உயிர் போய்விட்டது.

அந்த இடத்திலேயே நான் சொல்லியிருக்க வேண்டும். அய்யே, நீங்கள் கூப்பிடவில்லை, நான் தமிழில் கத்தினேன், மழையில் அவன் அதை உங்கள் குரல் என்று நினைத்துச் சிங்களமாக எடுத்துக்கொண்டான் என்று. மூன்று வரி. ஒன்பது வரி பேசுகிற வாய்க்கு அந்த மூன்று வரி வரவில்லை.

ஜினதாச அன்றைக்கே துவக்கைத் தூக்கிக்கொண்டு பொலிசுக்குப் போனார். கூப்பிட்டது நான்தான், சுட்டதும் நான்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

சாவு வீட்டில் எனக்கு அழுகை வரவில்லை. பறை அடித்தார்கள், பூ போட்டார்கள், கொள்ளிக்குடம் தூக்கினேன், எல்லாம் வேறு யாருக்கோ நடந்த மாதிரி இருந்தது. பிறகும் அப்படியே. கங்காணி திட்டினால் பேசாமல் நின்றேன். அண்ணன் போன துக்கத்தில் பையன் அடங்கிவிட்டான் என்றார்கள். துக்கமில்லை அது, பயம். வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை. அண்ணி விஜயகலாவும் மூன்று வயது மகளும் நானும் ஒரே லயக் காம்பராவில்தான் இருந்தோம். புருஷனைத் துவக்குக்கு நேரே கூப்பிட்டது நான் என்று தெரிந்த பிறகு அந்த மனுஷி எனக்கு எந்தக் கையால் சோறு போடுவாள்?

வழக்குக்கு ஒரு வாரம் முன்பு, பிணையில் இருந்த ஜினதாச நான் பால் வெட்டும் இடத்துக்கு வந்தார். முகம் சவரம் செய்யாமல் காடாகக் கிடந்தது. மரத்தடியில் குந்திக்கொண்டு சிங்களத்தில் கேட்டார்.

"மல்லி, நீ பக்கத்துல இருந்தியே. நான் கூப்பிட்டேனா?"

நான் வெட்டுக்கத்தியைத் துடைத்தேன்.

"எனக்கு ஞாபகம் இல்ல," என்றார். "எவ்வளவோ யோசிச்சுப் பார்க்கிறேன். வாயத் திறந்த ஞாபகமே இல்ல. ஆனா சாகப்போறவன் பொய் சொல்வானா? கூப்பிட்டுட்டு மறந்திருக்கேன். கூப்பிட்டுட்டுச் சுட்டிருக்கேன். நான் என்ன மிருகமா மல்லி? நீ கேட்டிருந்தா சொல்லு. கேக்கலன்னாலும் சொல்லு."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒருவன் அடித்துக்கொண்டான். "மழைல எனக்கு ஒண்ணும் வெளங்கல அய்யே," என்றேன். அவர் தலையாட்டிவிட்டு எழுந்து போனார். நான் மிச்ச மரங்களை வெட்டினேன்.

கோர்ட்டில் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு, இருந்தாலும் தமிழில்தான் சொல்வேன் என்றேன். மொழிபெயர்க்க ஒருவர் வந்தார். வக்கீல் சிங்களத்தில் கேட்டார், எதிரிக் கூண்டில் நிற்கிற ஜினதாச 'என்ன' என்று சொன்னது கேட்டதா என்று. அந்த மனிதர் என் பக்கம் திரும்பி, சுத்தமான தமிழில், "வா என்று கூப்பிட்ட சத்தம் உமக்குக் கேட்டதா?" என்றார். அந்தச் சொல்லை அவர் அப்படியே விட்டிருந்தால் என் வாய் திறந்திருக்கும் என்று இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதுவும் பொய்யாக இருக்கலாம்.

"கேட்டுச்சுங்க," என்றேன்.

"கூப்பிட்டது யார்?"

ஜினதாச எதிரிக் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மந்தமில்லாத இடது காதை என் பக்கம் திருப்பி வைத்திருந்தார்.

"அவருதாங்க."

அவர் மெல்லத் தலையாட்டினார். இரண்டு வருஷம் கொடுத்தார்கள். கூப்பிடாமல், மரை என்று நினைத்துச் சுட்டிருந்தால் அபராதத்தோடு போயிருக்கும் என்று வெளியே பேசிக்கொண்டார்கள்.

அண்ணியும் கோர்ட்டுக்கு வந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் அடுப்பை மூட்டினாள். கருவாடும் பருப்பும். பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு எனக்குத் தட்டை எடுத்து வைத்தாள். சோற்றைப் போட்டுக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

"பயந்துகிட்டுதான் இருந்தேன் தம்பி," என்றாள். "அந்தாளு கூட பழகுன பழக்கத்துக்காக நீங்க மாத்திச் சொல்லிருவீங்களோன்னு. ஒங்க அண்ணனுக்காக நீங்களாவது உள்ளத சொன்னீங்களே."

நான் சோற்றைப் பிசைந்தேன். பசித்தது. அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்காதது, நன்றாகப் பசித்தது.

"இன்னும் கொஞ்சம் போடவா?" என்று கேட்டாள்.

"போடுங்க அண்ணி," என்றேன்.