கரிசலாங்கண்ணிப் பாத்தி

மூன்றாவது முறையும் ஒன்றுகூட முளைக்கவில்லை.

சிடாம் கிரிப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் மூலிகைத் தோட்டத்தில், கரிசலாங்கண்ணிக்கென்று ஒதுக்கிய பாத்தியின் முன்னால் பரஞ்சோதி குந்தி உட்கார்ந்திருந்தார். மண் நல்ல மண். விதை புது விதை. தண்ணீருக்கும் குறைவில்லை. இருந்தும் பாத்தி மொட்டையாகவே கிடந்தது.

வேறு யாராவது என்றால் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். பரஞ்சோதியோ, ரப்பர் எஸ்டேட்டில் களைக்கொல்லி அடிக்கும் ஆட்களிடம் இருபத்திரண்டு வருடம் மண்டோராக வேலை வாங்கியவர். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வெள்ளைப் பூவும், கிள்ளினால் கறுத்துப்போகும் தண்டுமாக வாய்க்கால் ஓரமெல்லாம் வரும் இந்தச் செடியை, பீப்பாய் பீப்பாயாக மருந்தடித்துக் கொன்றவர். அதனால்தான் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் லோகேஸ்வரி டீச்சர் இதை வளர்த்துத்தர உதவி கேட்டபோது, "இதெல்லாம் ஒரு வேலையா டீச்சர்? கண்ண மூடிக்கிட்டு வளப்பேன் லா" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

வீட்டில் மனைவி தேவகிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "எத்தன வருசம் மருந்தடிச்சீங்க! அது கோவிச்சுக்கிட்டு இருக்கு. போயி மன்னிப்புக் கேளுங்க."

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பள்ளியின் நீண்ட விடுமுறை முடிய இரண்டு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை யாரிடமும் சொல்லாமல் மோட்டார் சைக்கிளில் நெல்வயல் ஊரான பெண்டாங் போனார். வயல் வரப்பில் பூவும் காயுமாக நின்ற இருபது செடிகளை வேரோடு பிடுங்கி, ஈரச்சாக்கில் சுற்றி வந்து, மறுநாள் ஆளில்லாத பள்ளியில் பாத்தியில் நட்டார்.

அந்த மாநிலத்தில் ஞாயிறுதான் வாரத்தின் முதல் பள்ளி நாள்; காலையில் பிள்ளைகள் வரிசையாக நிற்கும் சபைகூடலில் லோகேஸ்வரி அவரை மேடைக்குக் கூப்பிட்டார். "லீவு முடிஞ்சு வந்து பாத்தா செடி பூத்தே போச்சு! அண்ணன் கைராசி அப்படி."

பிள்ளைகள் கைதட்டினார்கள். பரஞ்சோதி தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கீழே இறங்கியதும் டீச்சர் சொன்னார்: "அண்ணே, மூணாவது வாரம் வியாழக்கிழமை திகாம் பத்து ஸ்கூல்லேர்ந்து டீச்சருங்க வராங்க. அவங்களும் பாத்தி போடணுமாம். எப்படி முளைக்க வெச்சீங்கன்னு நீங்கதான் சொல்லணும்."

அன்று முதல் யாராவது பாராட்டிவிடுவார்களோ என்று பயந்து, தண்ணீர் ஊற்றக்கூட வேலி ஓரமாகப் பதுங்கிப் போனார்.

பத்தாம் நாள் அது கண்ணில் பட்டது. நட்ட செடிகளின் அடியில், ஈர மண்ணின் மேல், கடுகளவு இலைகள் இரண்டிரண்டாக விரிந்திருந்தன. காய் உதிர்ந்த இடத்திலெல்லாம் முளைத்திருந்தது. ஆனால் பாத்தியின் ஒரு பாதியில் ஒன்றுமில்லை. அங்கேயும் காய் உதிர்ந்ததுதான். அந்தப் பாதியை மட்டும், காய் உதிர்ந்த பிறகு ஒருநாள், களைக்காக அவர் கொத்திப் புரட்டிவிட்டிருந்தார்.

மூன்று முறையும் எப்படி விதைத்தோம் என்று யோசித்தார். பழைய மரம் வெட்டிப் புதுக்கன்று வைக்கும் மறுநடவில் நிலத்தை மூடப் படரவிடும் அவரைக்கொடிக்கு எஸ்டேட்டில் செய்வது போலத்தான்: குழி பறித்து, விதை போட்டு, மண் தள்ளி, குதிகாலால் ஒரு மிதி. கைப்பழக்கத்தில் செய்த வேலை. அவரை விதை பெரியது. தனக்கு வேண்டிய சாப்பாட்டை உள்ளேயே வைத்துக்கொண்டு இருட்டிலிருந்து முட்டி வரும். கரிசலாங்கண்ணி விதையோ எள்ளைவிடச் சிறியது.

உறுதிப்படுத்த இரண்டு தகர டப்பாக்களில் ஒரே மண்ணை நிரப்பினார். ஒன்றில் விதையை விரற்கடை ஆழத்தில் புதைத்தார். மற்றதில் மேலாகத் தூவினார். இரண்டையும் ஒரே வெயிலில் வைத்து, ஒரே அளவு தண்ணீர் தெளித்தார். ஏழாம் நாள் தூவிய டப்பா பச்சைப்பசேல் என்றிருந்தது. புதைத்த டப்பாவில் வெறும் மண்.

இரண்டையும் தூக்கிக்கொண்டு டீச்சரிடம் போனார்.

"டீச்சர், அந்தச் செடிய நான் முளைக்க வெக்கல. பெண்டாங் வரப்புல புடுங்கியாந்து நட்டது. பிள்ளைங்க கைதட்டுனப்பவே சொல்லியிருக்கணும். வாய் வரல."

லோகேஸ்வரி டப்பாக்களை வாங்கி மேசைமேல் வைத்தார். "பிள்ளைங்ககிட்ட நீங்களே சொல்லிருங்கண்ணே."

"சொல்றேன். வர்ற டீச்சருங்ககிட்டயும் சொல்றேன்."

வியாழக்கிழமை, பிள்ளைகளும் விருந்தினரும் பாத்தியைச் சுற்றி நிற்க, முதலில் தான் செய்த ஏமாற்றைச் சொன்னார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலை குனிந்தபடியே தொடர்ந்தார்:

"மண்ண நல்லா நனைச்சு சமமாக்குங்க. விதைய மேல தூவி, உள்ளங்கையால லேசா அமுக்குங்க. மண்ணு போட்டு மூடாதீங்க. வெளிச்சம் பட்டாத்தான் இது முளைக்கும். மேல்மண்ணு காயாம தண்ணி தெளிச்சுக்கிட்டே இருங்க. ஒரு வாரத்துல வந்துரும்."