காவல் தகடு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் குழாய் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் துளசிராமனுக்கு சேஃப்டி ஆபீசர் உத்தியோகம். பச்சை பெயிண்டில் எழுதிய பலகைக்குக் கீழே நின்று, தொழிலாளிகளை வலது கையை நீட்டச் சொல்லி, பாதுகாப்பு உறுதிமொழி வாங்குவதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. பொன்னேரிக்கு வெளியே இருந்த அவனுடைய சொந்த வீட்டில் மட்டும் அந்த உறுதிமொழி செல்லாது. ஊருக்குத்தானே உபதேசம்.

வீடு அவன் அப்பா கட்டியது. முகப்புக்கு ஊதாவும் மஞ்சளும் அடித்து, ஹாலுக்குப் பளிங்கு போட்டு, படுக்கையறையில் ஏசியும் மாட்டியாயிற்று. வயர் மட்டும் அப்பா காலத்தது. மரப்பட்டியில் ஆணி அடித்து ஓட்டிய வயர், தோலுரிந்து, தொட்டால் பொடியாய் உதிரும். மாற்றலாம் என்று மனைவி கல்பனா சொன்னால், "வர்றவன் போறவன் வயரையா பாக்கப் போறான்?" என்பான்.

கல்பனாவுக்கு பிரிட்ஜைத் திறந்தால் ஷாக், கிரைண்டரைத் தொட்டால் ஷாக். "செருப்பு போட்டுக்கினு தொடு" என்பது அவன் கண்டுபிடித்த தீர்வு. ஒரு சேஃப்டி ஆபீசர் கட்டின பெண்டாட்டிக்குக் கொடுத்த பாதுகாப்பு அவ்வளவுதான். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் குளித்துவிட்டு ஈரக் காலோடு ஓடிவந்த மகள் பூமிகா பிரிட்ஜின் கைப்பிடியைப் பிடித்து வீலென்று அலறினாள். கல்பனா ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். இன்றைக்கு விட்டது, நாளைக்குப் பிடித்த பிடியாய் இழுத்துக்கொண்டால்? புருஷனிடம் சொன்னதற்கு, "அவளுக்கும் ஒரு செருப்பு வாங்கிக் குடு" என்றான்.

அடுத்த வாரம் துளசிராமன் கம்பெனி வேலையாக வெளியூர் போனான். கல்பனா கவரைப்பேட்டை எலெக்ட்ரீஷியன் லோகுவை வரவழைத்தாள். மொத்த வயரையும் மாற்ற வேண்டும், முதல் வேலையாக எர்த் போடுங்கள், கசிகிற கரண்ட் மண்ணுக்குள் போய்விடும் என்றான் அவன். கொல்லையில் குழி வெட்டி, செம்புத் தகடு ஒன்றை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டி மூடி, அதிலிருந்து ஒரு கம்பியை வீட்டுக்குள் கொண்டுவந்தான். அன்றிலிருந்து பிரிட்ஜ் பரம சாதுவாகிவிட்டது. அவள் புருஷனிடம் மூச்சு விடவில்லை. தன்னைக் கேட்காமல் செய்த காரியம் எதுவும் அவனுக்கு நல்ல காரியமாகத் தெரிந்ததில்லை.

மழைக்கு முன்னால் தென்னங்கன்று நட ஆள் விட்டான் துளசிராமன். வந்த ஆள் மண் இளகிக் கிடந்த இடமாகப் பார்த்து வெட்டினான். கரி வந்தது. உப்பு வந்தது. கடைசியில் செம்புத் தகடு வந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டு அவன் தெருவுக்கு ஓடினான்.

நம் பக்கத்தில் கொல்லையில் புதைத்த தகட்டுக்கு ஒரே அர்த்தம்தான். பங்காளி வைத்த செய்வினை. பங்காளியும் தூரத்தில் இல்லை. வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திக்கொண்ட தம்பி தணிகைவேல் அடுத்த வீட்டிலேயே இருந்தான்.

"ஏங்க, அது எர்த்துங்க. நான்தான் லோகுவ வெச்சு போட்டேன்" என்று பதறினாள் கல்பனா.

"எனக்கே எர்த்து சொல்லித் தர்றியா? எங்க கம்பெனியில இல்லாத எர்த் குழியா? எல்லாத்துக்கும் மேல மூடி போட்டு நம்பர் எழுதிக்கீது. எவனாச்சும் ஊறுகா போடுற மாதிரி உப்பு கொட்டுவானா? அந்த லோகு யாரு தெரியுமா? தணிகைவேல் கூடப் படிச்சவன். உன் தலையில நல்லா மொளகா அரைச்சிட்டுப் போய்க்கீறான்."

அந்த மூடிகளில் வருஷா வருஷம் நம்பருக்கு பெயிண்ட் அடித்தானே தவிர, ஒன்றையாவது திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று அவன் பார்த்ததில்லை. கம்பியைப் பிடுங்கி எறிந்தான். ஊத்துக்கோட்டைக்கு ஆள் அனுப்பி, செய்வினை எடுப்பதில் பேர்போன முனுசாமியை வரவழைத்தான்.

முனுசாமி குழாயடியில் குளித்து, சொட்டச் சொட்ட ஈர வேட்டியோடு சமையலறைக்குள் வந்தார். துளசிராமன் கொல்லையில் தகட்டுக்குக் காவலாக, கற்பூரமும் கையுமாக நின்றிருந்தான்.

"எலுமிச்சம்பழம் எங்கம்மா?"

"பிரிட்ஜுல கீது சாமி. இருங்க, நான் எடுத்துத் தரேன். நீங்க தொடாதீங்க."

"நான் தொடாத பேயா?" என்று சிரித்தபடி முனுசாமி கைப்பிடியைப் பிடித்தார். அடுத்த நொடி எதிர்ச் சுவரில் போய் மோதி, உட்கார்ந்த இடத்திலேயே குலதெய்வத்தைக் கூப்பிட்டார்.

கல்பனா தண்ணீர் கொடுத்தாள். "சாமி, இது பேய் இல்ல, கரண்ட்டு. அந்தத் தகடு இருந்தவரைக்கும் அடிக்கல."

"தெரியுது தாயீ. இத்தினி வருசத்துல எந்தப் பேயும் என்ன இப்படி அடிச்சதில்ல."

"நான் சொன்னா அவரு காதுல ஏறாது. நீங்க சொன்னா ஏறும். மாட்டேன்னீங்கன்னா, பேயோட்ட வந்த சாமிய பிரிட்ஜு தூக்கி அடிச்சுதுன்னு பொன்னேரி மார்க்கெட்டு பூரா சொல்லுவேன்."

முனுசாமி தொழிலில் மானஸ்தர். என்னென்ன சொல்ல வேண்டும் என்று கல்பனாவிடம் கேட்டுக்கொண்டு, கையை உதறியபடி கொல்லைக்குப் போனார். தகட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு கூச்சல் போட்டார்.

"நைனா, குடியக் கெடுத்தியே! இது செய்வினை இல்ல, காவல் தகடு. உங்க குலதெய்வமே அந்த லோகு கையால வெச்சிக்கீது. பொழுது சாயறதுக்குள்ள அதே எடத்துல, அதே கரி உப்போட பதிச்சாவணும். வெள்ளிக்கு வெள்ளி ஒரு கொடம் தண்ணி ஊத்தணும். ஊட்ல ஓடுற பழைய வயரு பூரா தோஷம், ஒண்ணு விடாம மாத்து. மீட்டர்கிட்ட காவலுக்கு ஒரு பெட்டி வெக்கணும். அது பேரு..."

"ஆர்சிசிபி" என்று, கரண்ட் கசிந்தால் தானே அணைத்துவிடும் பெட்டிக்கு லோகு சொல்லியிருந்த பேரைப் பின்னாலிருந்து முணுமுணுத்தாள் கல்பனா.

"ஆர்சிசிபி!" என்று கண்ணை மூடி மந்திரம் போல உச்சரித்தார் முனுசாமி.

துளசிராமனுக்கு மெய்சிலிர்த்துவிட்டது. "சாமிக்கு இன்னா ஞானம் பாத்தியா? அந்தப் பெட்டி எங்க கம்பெனியிலயும் கீது" என்று கல்பனாவைப் பார்த்துப் பெருமைப்பட்டான்.

லோகுவுக்கு மரியாதையாகக் கார் போனது. தகடு பழைய இடத்துக்குத் திரும்பியது. வீடு முழுக்கப் புது வயர் ஓடியது. பூமிகா ஈரக் கையால் பிரிட்ஜைத் திறந்தாலும் கல்பனா இப்போது பதறி ஓடிவருவதில்லை. பிள்ளை பிழைத்ததே போதும் என்று அவள் இருந்திருக்கலாம். ஆனாலும் ஆற்றாமை தீரவில்லை. பெற்ற பிள்ளை துடித்ததற்கு அசையாத மனுஷன், ஒரு தகட்டுக்குப் பயந்து பெட்டிப்பாம்பாய் அடங்குகிறானே என்று குமைந்தாள்.

வெள்ளிக்கிழமை துளசிராமன் குளித்துவிட்டு, குழியில் பயபக்தியோடு தண்ணீர் ஊற்றினான். "இன்னா நின்னுகினு வேடிக்க பாக்குற? வந்து கும்புடு" என்றான்.

கல்பனா வந்து நிஜமாகவே கைகூப்பினாள். "கூடவே இருந்துகினு கேடு பண்றவங்ககிட்டேருந்து எங்களக் காப்பாத்துனியே, நீ நல்லா இரு" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

"கரெக்டா சொன்ன" என்றான் துளசிராமன், தணிகைவேல் வீட்டுப் பக்கம் முறைத்துக்கொண்டே.