கஞ்சி போட்ட நூல்

ஆனந்தகுமார் ஐந்து பத்துக்கு எழுந்தான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினான். மோட்டாரைப் போட்டுவிட்டுப் பல் துலக்கினான். மாடித் தொட்டி வழியும் சத்தம் கேட்டதும் மோட்டாரை அணைத்தான். பால் பாக்கெட்டை வெட்டிக் காய்ச்சினான். அப்பாவுக்குக் காபி கலந்து தறிக்குப் பக்கத்தில் வைத்தான். தன்னுடையதை நின்றபடியே குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். குளித்தான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடியபோதுதான் இன்று ஞாயிற்றுக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் வராது. அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். செருப்பை மட்டும் போட்டுக்கொண்டான்.

"லீவு நாள்ல எங்கடா கெளம்பிட்ட?" என்றார் அப்பா சபாபதி, தறியில் உட்கார்ந்தபடி.

"ஓரிக்கைக்கு."

"மாமியா வீட்டுக்கா? இன்னா விசேஷம்?"

"திரிஷா கூப்ட்டுச்சு. அதுக்கு ஒரு பெட்டி வெச்சிக் குடுக்கணுமாம். தண்ணியில வளர்ற செடி."

சபாபதியின் கை நின்றது. "ஒரு வாட்டி வெச்சது பத்தலியா? காயத்ரி வெச்சிட்டுப் போனதயே தெருவுல இன்னும் பேசிக்கினு இருக்கறாங்க."

 ஆனந்தகுமார் தெர்மாகோல் பெட்டியை வண்டியில் கட்டினான்.

காயத்ரி அவன் மனைவி. போன ஐப்பசியில் டெங்கு வந்து ஆறே நாளில் இறந்துபோனாள். வயது இருபத்தாறு. பால் தெளித்துவிட்டு எல்லோரும் வீடு திரும்பிய அன்று, கொசுப்புழு பார்க்க வரும் புவனேஸ்வரி டார்ச்சோடு மாடி ஏறினாள். காய்ச்சல் கண்ட வீட்டைச் சுற்றிப் பார்ப்பது அவள் வேலை. மாடியில் திறந்து கிடந்தது ஒரு தெர்மாகோல் பெட்டி. அதில் ஒரு கரண்டி தண்ணீரை மொண்டு வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றிக் கீழே கொண்டுவந்தாள். கிண்ணத்துக்குள் புழுக்கள் வளைந்து வளைந்து நீந்தின. உறவுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"யாருங்க இத வெச்சது?"

திட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. படிவத்தில் எழுதிக்கொள்ளத்தான் கேட்டாள். ஆனந்தகுமார் அத்தனை பேர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான்.

"காயத்ரிதான்" என்றான்.

ஒரு வார்த்தை. அது தெருவுக்குப் போய், ஓரிக்கைக்கும் போய், இந்த ஐந்து மாதத்தில் உண்மையாகவே ஆகிவிட்டது. தானே வளர்த்த கொசுவால் செத்தவள் என்று அவளுக்குப் பேர். அதே நாள் சாயங்காலம் மாமியார் நீலாம்பாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா எதனா சொன்னாளா மாப்ள?" என்று கேட்டபோது, "அம்மான்னு கூப்ட்டா" என்றான். அது இரண்டாவது. முதலாவதைச் சொன்ன வாய்க்கு இரண்டாவது சிரமமாக இல்லை.

ஓரிக்கையில் நீலாம்பாள் பின்கட்டில் ராட்டையை வைத்துத் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். கூலிக்கு நெய்யும் இரண்டு வீடுகளுக்கு ஊடை நூல் சுற்றிக் கொடுத்துத்தான் இளைய மகள் திரிஷாவைக் காலேஜில் படிக்க வைக்கிறாள்.

"வாங்க மாப்ள" என்றாள். பெட்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "இத எதுக்குத் தூக்கிக்கினு வந்தீங்க? அவதான் கேட்டான்னா நீங்களுமா?"

"மாமா வெச்சிக் குடுத்தா ஒத்துக்கறேன்னு நீதானம்மா சொன்ன" என்றாள் திரிஷா.

"வர மாட்டாருன்னு நெனச்சி சொன்னேன்டி."

"வந்துட்டாரு பாரு. மாமா, நீங்க ஆரம்பிங்க. மண்ணே வேணாமாமே இதுக்கு? நம்ம வீட்டுக்குன்னே கண்டுபுடிச்சிருக்கான். நமக்கு ஏது மண்ணு, மூணடி சிமெண்டுதான்."

ஆனந்தகுமார் உட்கார்ந்தான். பெட்டி மருந்துக்கடையில் சும்மா கொடுத்தது. உள்ளே கறுப்புப் பாலித்தீனை விரித்து ஓரங்களை டேப்பால் ஒட்டினான். வெளிச்சம் பட்டால் தண்ணீரில் பாசி பிடிக்கும் என்று திரிஷாவிடம் சொன்னான். மூடியில் காபிக் கப்பை வைத்துப் பேனாவால் வட்டம் போட்டான். போட்ட வட்டத்துக்குச் சற்று உள்ளேயே பிளேடை ஓட்டி ஆறு ஓட்டை வெட்டினான்.

"கோட்டு மேலயே வெட்டலாமே மாமா?"

"ஓட்டை பெருசாப் போயிட்டா கப்பு உள்ள விழுந்துடும். சந்து இருந்தாலும் ஆகாது. கப்பு இறுக்கமா உக்காரணும்."

"கொசு போகும், அதானே?" என்றாள் நீலாம்பாள் ராட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அந்தப் புத்தி எம் பெரிய பொண்ணுக்கு இல்லியே. தொறந்து போட்டுட்டு தூங்கியிருக்கறா. சின்ன வயசுலயே அவ அப்படித்தான். குடத்த மூட மாட்டா, சோத்துப் பானைய மூட மாட்டா."

"அம்மா, ஆரம்பிக்காத."

"நான் பெத்தவ, நான் திட்டறேன். உனக்கென்ன?"

ஆனந்தகுமார் பிளேடை அழுத்தினான். தெர்மாகோல் கிறீச்சிட்டது.

வாளியில் நேற்றே பிடித்து வைக்கச் சொல்லியிருந்த தண்ணீர் இருந்தது. செடிக்கான திரவ உரம் இரண்டு பாட்டில்களை எடுத்தான். முதல் பாட்டிலில் ஒரு மூடி ஊற்றிக் கலக்கினான். கொஞ்சம் பொறுத்து இரண்டாவதில் ஒரு மூடி.

"ரெண்டையும் ஒண்ணா ஊத்திடலாமே?"

"தண்ணியில்லாம ஒண்ணோட ஒண்ணு சேந்தா திரிஞ்சு அடியில தங்கிடும். செடிக்கு ஒண்ணும் போகாது. ஒண்ணக் கலக்கிட்டு அப்புறம் இன்னொண்ணு."

"எங்க லேப் மேடம் மாதிரியே பேசறீங்க. அவங்களும் சிரிக்கவே மாட்டாங்க."

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. புளிப்பு சோதிக்கும் தாளைத் தண்ணீரில் நனைத்து நிறம் பார்த்தான். கொஞ்சம் பச்சை தட்டியது. நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்து மறுபடி பார்த்தான். மஞ்சளுக்கு வந்தது. கப்புகளின் அடியில் சூடு காட்டிய கம்பியால் துளை போட்டான். தென்னை நார்த்தூளை ஊறவைத்துப் பிழிந்தான். கடையில் வாங்கிய புதினாக் கட்டில் தண்டு தடித்தவையாகப் பார்த்து ஆறு பொறுக்கி, அடி இலைகளைக் கிள்ளினான். எல்லாவற்றையும் கை தானாகவே செய்தது. கையை அவன் தடுக்கவில்லை.

"இனிமே திரி. தண்ணியில இருந்து மேல ஈரம் ஏறணும் இல்ல, அதுக்கு. பருத்தித் துணி இல்லனா விளக்குத்திரி இருந்தா எடுத்துக்கினு வா."

திரிஷா உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு கொத்துப் பட்டு நூல் இருந்தது. நீளவாட்டில் ஓடும் பாவு நெய்து முடிந்ததும் தறியில் மிஞ்சுகிற துண்டு நூல். அரக்குச் சிவப்பு. நெய்கிற வீட்டிலெல்லாம் இது மூலைக்கு மூலை கிடக்கும். பொட்டலம் கட்டுவார்கள், கொடியில் முடிச்சுப் போடுவார்கள், குழந்தைக்கு ரிப்பன் ஆக்குவார்கள்.

"விளக்குத்திரி எதுக்கு மாமா? இது சும்மா குப்பைக்குத்தான் போவுது. நல்லா கெட்டியாவும் இருக்குது."

"அது வேணாம்."

"ஏன்? பட்டு தண்ணி இழுக்காதா?"

"வேணாம்னா வேணாம்!"

குரல் பின்கட்டுச் சுவரில் பட்டுத் திரும்பியது. திரிஷா கையை இழுத்துக்கொண்டாள். அவன் இதுவரை அவளிடம் அப்படிப் பேசியதில்லை.

"பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பாங்க" என்றான் தரையைப் பார்த்து. "சோத்துக் கஞ்சி. தண்ணியில கெடந்தா அது கரையும். மூணு நாள்ல வழுவழுன்னு ஆயி நாத்தம் எடுக்கும். கொசுப்புழுவுக்கு அதுதான் தீனி."

"அது எப்டி உங்களுக்குத் தெரியும்?"

அவன் பிழிந்த நார்த்தூளையே மறுபடி பிழிந்தான்.

"அக்கா இதத்தான் போட்டாளா?"

ராட்டை சுற்றிக்கொண்டிருந்தது. ஆமாம் என்று சொன்னால் போதும். மூன்றாவது. யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. புதினாவைச் சொருகி, மூடியைப் போட்டு, டேப் ஒட்டி, ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுப் போய்விடலாம். நீலாம்பாள், அந்தப் புத்தியும் இல்லை அவளுக்கு, என்பாள். அவ்வளவுதான்.

"நான் போட்டேன்" என்றான்.

"என்ன மாமா?"

"பெட்டியே நான் வெச்சதுதான். புதினா வளத்தா நல்லா இருக்கும்னு அவ ஒரு நாள் சொன்னா. அவ சொன்னது அவ்ளோதான். கடையில பருத்தித் திரி வாங்கிக்கினு வாங்கன்னா. நான்தான் எதுக்குக் கடைக்குன்னு தறிக்கடியில கெடந்த பாவு நூல எடுத்துப் போட்டேன். நாத்தம் வந்துச்சு. காத்துப் பட்டா போயிடும்னு மூடிய எடுத்து செவுத்துல சாச்சி வெச்சதும் நான்தான். மூடுங்க மூடுங்கன்னு ரெண்டு ஞாயித்துக்கெழம சொன்னா. மழை வேற பேஞ்சிக்கினு இருந்துச்சு. நான் மேல போவல."

ராட்டை நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவன் கவனிக்கவில்லை.

அவளைக் கடித்த கொசு அந்தப் பெட்டியில்தான் பிறந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. பக்கத்து மாடியில் பிறந்திருக்கலாம். தெருமுனைக் குழியில் பிறந்திருக்கலாம். ஐந்து மாதமாக இரவும் பகலும் அவன் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் கணக்கு சரியாக வந்தது. ஒரு தடவைகூட உதவவில்லை. இப்போது அதைச் சொல்ல வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

"அந்தம்மா கிண்ணத்த எடுத்துக்கினு வந்து கேட்டுச்சே" என்றாள் நீலாம்பாள். குரல் உயரவில்லை. "அத்தன பேர் நின்னோமே."

"ஆமா அத்தை."

"நீங்க அவ பேரச் சொன்னீங்க."

"ஆமா."

"நானும் அங்கயே ஆரம்பிச்சேன். உனக்கு நீயே எமன வெச்சிக்கினியேடின்னு. நீங்க பக்கத்துல நின்னு கேட்டுக்கினு இருந்தீங்க."

"ஆமா அத்தை."

"தெனம் திட்டறேன் மாப்ள. வெளக்கேத்தும்போதுகூட அவ படத்தப் பாத்துத் திட்டறேன். தெவசத்துக்குப் படையல் போட்டாலும் திட்டிக்கினேதான் போட்டிருப்பேன். செத்தவளுக்குப் பதில் பேச வாய் இல்ல. உங்களுக்கு இருந்துச்சே."

திரிஷா அழ ஆரம்பித்திருந்தாள். கையில் அந்தச் சிவப்பு நூல் அப்படியே இருந்தது. அவனுக்கு அழுகை வரவில்லை. ஐந்து மாதமாகவே வரவில்லை. அதற்காகத் தெருவில் அவனுக்கு நல்ல பேர்: தைரியசாலி, அப்பாவுக்காக அடக்கிக்கொள்கிறான். அந்தப் பேரையும் அவன் மறுக்கவில்லை.

நீலாம்பாள் எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தான். அடித்தால் தேவலாம் என்றிருந்தது. அவள் அவன் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். பெட்டி இருவருக்கும் நடுவில் இருந்தது.

"சரி, போவட்டும்" என்றாள். "அம்மான்னு கூப்ட்டான்னு சொன்னீங்களே. அதுவாச்சும் நெஜமா?"

இதை மட்டும் விட்டுவிடலாம். இதில் யாருக்கும் கெட்ட பேர் இல்லை. மகள் கடைசியில் தன்னைக் கூப்பிட்டாள் என்கிற ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இவள் ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறாள், நூல் சுற்றுகிறாள். அக்கம்பக்கத்தில் யார் வந்தாலும் அதைச் சொல்லித்தான் பேச்சை முடிப்பாள். தலையை ஆட்டினால் போதும். நீலாம்பாளின் கண் அவன் தலை ஆடுவதற்காகக் காத்திருந்தது.

"இல்ல அத்தை" என்றான்.

 அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அதுவும் இல்லியா."

"இல்ல."

"அப்போ இன்னாதான் சொன்னா எம் பொண்ணு? எதனா சொன்னாளா, அதுவும் இல்லியா? திட்டியிருந்தாலும் சொல்லுங்க. இந்த வாட்டி ஒழுங்கா சொல்லுங்க."

அவன் சொன்னான்.

ஐந்தாம் நாள் மத்தியானம். ரத்தத் தட்டணு இறங்கிக்கொண்டே போனதால் தீவிர சிகிச்சைக்கு மாற்றச் சொல்லியிருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் வருவதற்காக வார்டில் காத்திருந்தார்கள். இரண்டு நாளாக அவன் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாலைந்து முறை போய் வந்திருந்தான். மாடிக்குப் போகவில்லை. அவளுக்கு உதடு வெடித்திருந்தது. பேச்சு மெதுவாக வந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. அவனைக் கிட்டே வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவன் குனிந்தான்.

"மாடில அந்தத் தண்ணியக் கொட்டிட்டீங்களா?" என்று கேட்டாள்.

"கொட்டிட்டேன்" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கல்யாணமான இரண்டு வருடத்தில் அந்த முகத்தைப் படிக்க அவளுக்கு அதிக நேரம் ஆனதில்லை. ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. இரண்டு பேர் அவளைத் தூக்கி மாற்றினார்கள். கதவு வரைக்கும் கூடவே நடந்தான். கதவுக்கு இந்தப் பக்கம் அவனை நிறுத்திவிட்டார்கள். அவள் தலையை அவன் பக்கம் திருப்பினாள்.

"சும்மா பொய் சொல்லாதீங்க."