மூன்றாம் நம்பர் பிளேடு

சக்ரபாணியின் கோபத்தில் எப்போதும் நியாயம் இருக்கும். அவரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கும் கூட வேலை பார்க்கிறவர்களுக்கும் அதுதான் பெரிய தொல்லை. வெறும் முன்கோபக்காரன் என்றால் கத்தி முடிக்கட்டும் என்று விட்டுவிடலாம். இவர் கத்தவும் மாட்டார். காது மடல் சிவக்கும், குரல் இறங்கும், அதற்குப் பிறகு யார் சொன்னாலும் கேட்க மாட்டார்.

பிழைக்க வந்த வெளிமாநிலத்தில், குஷாய்குடாவை ஒட்டி இருந்த பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அவர் இன்ஸ்பெக்டர். வெளிக் கம்பெனிகள் செய்து அனுப்பும் உதிரிப் பாகங்களை அளந்து பார்த்து, உள்ளே விடுவதா திருப்பி அனுப்புவதா என்று முத்திரை குத்துகிற வேலை. பதினோரு வருஷமாக அவருக்கு ஒரு பழக்கம். சரக்கோடு வரும் சலானில் கம்பெனியின் பெயர் இருக்கிற இடத்தில் ஒரு துண்டுப் பழுப்புத் தாளை ஒட்டிக் கொண்டுவரச் சொல்வார். ஸ்டோர்ஸில் இருந்த பெருமாள்தான் ஒட்டுவார். அளந்து, எழுதி, முத்திரை குத்திய பிறகுதான் தாளைக் கிழித்து யாருடைய சரக்கு என்று பார்ப்பார். பெயர் தெரிந்தால் கை சாய்ந்துவிடும் என்பது அவர் கட்சி. மேலதிகாரி வேதாசலம் இதை எத்தனையோ தடவை கேலி செய்து பார்த்துவிட்டார். கேலிக்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை சக்ரபாணி.

எழுபத்தொன்பதாம் வருஷம் அவருக்குக் கழுத்தெல்லாம் தடித்துப் புண்ணாகிவிட்டது. அதுவரை அவர் தன் கையால் முகம் மழித்ததே கிடையாது. ஒருநாள் விட்டு ஒருநாள் கடைத்தெருவில் சலூனில் போய்க் கழுத்தை நீட்டுவதுதான் வழக்கம். ஊருக்கெல்லாம் ஒரே கத்தி, அதனால் வந்தது, இனிமேல் வீட்டிலேயே மழித்துக்கொள்ளுங்கள் என்று டிஸ்பென்சரி டாக்டர் சொல்லிவிட்டார்.

சொல்லிவைத்தது போல அந்தத் தீபாவளிக்கு ஒரு ஷேவிங் செட் வீடு தேடி வந்தது. கொண்டுவந்தவன் இளங்கோவன். சக்ரபாணியின் மனைவி நீலா ரேஷன் கடை வரிசையில் யாரிடமோ தமிழ் பேசியதைக் கேட்டு, "அக்கா, நீங்க பாளையங்கோட்டைப் பக்கமா?" என்று தானாக வந்து ஒட்டிக்கொண்ட பையன். நீலா வீட்டுக்கு ஒரே பெண். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. கல்யாணமாகிப் பன்னிரண்டு தீபாவளி போய்விட்டது, தம்பி சீர் கொண்டுவந்தான் என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு வாய்த்ததே இல்லை. அவன் தட்டில் வெற்றிலை, பழம், அக்காவுக்குச் சேலை, அத்தானுக்கு அந்த ஷேவிங் செட் என்று வைத்து நீட்டியபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

சக்ரபாணியும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மல்லாப்பூரில் ஒரு கம்பெனியில் இருப்பதாக அவன் சொன்னான். என்ன கம்பெனி என்று கேட்கவில்லை. ஒரு ஸ்க்ரூவைக்கூடப் பத்துக் கேள்வி கேட்டு உள்ளே விடுகிற மனுஷன், நம்ம ஊர்ப் பேச்சு பேசினான் என்பதற்காக ஒரு ஆளை ஒரு கேள்வியோடு உள்ளே விட்டுவிட்டார். அவர் செய்த பிசகு அது ஒன்றுதான்.

ரேசர் கனமானது, பளபளவென்று இருந்தது. அடியில் திருகினால் தலைப்பக்கம் இரண்டு கதவாகத் திறக்கும். கூடவே ஐந்து தினுசு பிளேடு, தினுசுக்கு ஒரு பாக்கெட். முதல் நாள் சக்ரபாணி அரத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்து அழுத்தினார். மூன்று இடத்தில் ரத்தம். படிகாரக் கட்டியைத் தேய்த்து, பேப்பர்த் துணுக்கை ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போனார். அழுத்தக் கூடாது, ரேசரின் கனமே போதும், கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் தானாக இறங்கும் என்பது நாலாம் நாள்தான் பிடிபட்டது. பிடிபட்டதும் அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. இந்த ஐந்தில் எது நல்ல பிளேடு?

வேறு யாராக இருந்தாலும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, பிடித்ததை வைத்துக்கொள்வார்கள். சக்ரபாணி நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டார். இழுப்பு, எரிச்சல், வெட்டு, மிச்ச முள் என்று நாலு பத்தி. உறையைப் பார்த்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்று, நீலாவை விட்டே உறையைப் பிரித்து ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் போட்ட தாளில் மடித்துத் தரச் சொன்னார். எந்த நம்பர் எந்த உறை என்பது அவளுக்கு மட்டும் தெரியும். இடது கன்னத்துக்கு ஒரு நம்பர், வலது கன்னத்துக்கு இன்னொரு நம்பர். மறுநாள் கன்னத்தை மாற்றுவார். ஒன்றாம் நம்பர் முதல் நாள் ராஜா, மூன்றாம் நாள் மொண்ணை. இரண்டு, முடியை வெட்டாமல் பிடுங்கியது. நாலாம் நம்பர் பயங்கரக் கூர்மை, ஆனால் மழித்த பிறகு மிளகாய் தடவியது போல எரிந்தது. புதுக் கைக்குக் கூர்மை மட்டும் போதாது, கொஞ்சம் சாதுவான பிளேடுதான் தாங்கும் என்று எழுதி அடிக்கோடு போட்டார். கடைசியில் மூன்றும் ஐந்தும் மிஞ்சின. வளர்ந்த தாடியில் எது இழுக்காமல் போகிறது என்று பார்க்க வேண்டும் என்று நாலு நாள் மழிக்காமலே திரிந்தார். அவருக்கு முடி அடர்த்தி. நாலு நாளில் முகம் கரியாகிவிட்டது.

வியாழக்கிழமை காலை. இடது கன்னத்தை மூன்றாம் நம்பர் வெண்ணெய் மாதிரி வழித்துவிட்டது. ரேசரைத் திருகித் திறந்து, ஐந்தாம் நம்பரின் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தார். நீலா காபியோடு வந்து நின்றாள்.

"என்னங்க, மறந்தே போச்சு. நேத்து சாயங்காலம் இளங்கோ வந்திருந்தான். அவன் கம்பெனி டிரான்ஸ்ஃபார்மர் இன்னைக்கு உங்க டேபிளுக்கு வருதாம். அத்தானைக் கொஞ்சம் பாத்துக்கிடச் சொல்லுங்கக்கான்னான்."

சக்ரபாணி கண்ணாடியில் அவளைப் பார்த்தார். காது மடல் சிவக்கத் தொடங்கியது.

"அவன் மல்லாப்பூர்ல என்ன கம்பெனியில இருக்கான்?"

"எனக்கு என்ன தெரியும்? அன்னைக்கு நீங்கதான அவங்கிட்ட விசாரிச்சீங்க."

அவள் சொன்னது உண்மை. அதனால் கோபம் இன்னும் ஏறியது. ஐந்தாம் நம்பர் பிளேடை மடித்து வைத்தார். வலது கன்னத்து நுரையைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்.

"மிச்சத்தையும் வழிச்சிட்டுப் போங்க. இது என்ன கோலம்?"

"இந்த ரேசர் இனி என் மூஞ்சியில படாது."

"அப்பம் வழிச்ச பக்கத்த என்ன செய்வீங்க?"

பதில் இல்லாத கேள்வி கேட்கிறவர்கள் மேல் அவருக்கு எப்போதுமே கோபம் வரும்.

"பதினோரு வருசம் நீலா. யாரு சரக்குன்னு தெரியாம பாத்தேன். இன்னைக்கு எம் பொண்டாட்டியே யாருதுன்னு சொல்லிட்டா. இனி நான் பாஸ் போட்டா வித்துட்டேம்பான். ரிஜெக்ட் போட்டா, அது என் கோவமா சரக்கோட குறையான்னு எனக்கே தெரியாது."

"அவன் என்னைய அக்கான்னு கூப்பிட்டது?" என்றாள் நீலா. அவள் கேட்டது வேறு கணக்கு. அது சக்ரபாணிக்கு அப்போது உறைக்கவில்லை. ஷேவிங் செட்டை அப்படியே ஒரு பையில் போட்டுக்கொண்டு, பாதி முகம் பளபளவென்றும் பாதி முகம் கரியாகவும் புறப்பட்டுப் போனார்.

பஸ்ஸில் எல்லோரும் பார்த்தார்கள். தொழிற்சாலை வாசலில் காவலாளி அடையாள அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் இரண்டு தடவை பார்த்து, "க்யா சாப், ஆதாச் கியே?" என்று, பாதிதான் மழித்தீர்களா என்று இந்தியில் கேட்டான். சக்ரபாணி அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நேராக வேதாசலத்தின் அறை.

"சார், இன்னைக்கு வர்ற டிரான்ஸ்ஃபார்மர் லாட்டை நான் பாக்க முடியாது. யாரு சரக்குன்னு தெரிஞ்சு போச்சு."

வேதாசலம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரிஞ்சா என்னய்யா? சாமான் இல்லாம அசெம்பிளி லைன் நிக்குது. பாஸ் பண்ணி அனுப்பு."

"பாக்காம எப்படி சார் பாஸ் பண்றது?"

"அப்போ ரிஜெக்ட் பண்ணு. ஏதோ ஒண்ணு பண்ணு. இன்னொரு இன்ஸ்பெக்டர் தங்கச்சி கல்யாணம்னு வாரங்கல் போயிட்டான், உன்னை விட்டா ஆள் கிடையாது. முதல்ல போய் அந்த மிச்சத்தை ஷேவ் பண்ணு, பாக்க சகிக்கல."

சக்ரபாணி ஸ்டோர்ஸுக்குப் போனார். அதே மாதிரி டிரான்ஸ்ஃபார்மரை மல்லாப்பூரிலேயே வேறொரு கம்பெனியும் அனுப்பி, அந்த லாட்டும் முந்தின நாளிலிருந்து காத்துக்கிடந்தது. இரண்டிலிருந்தும் இருபது இருபதாக எடுத்து, கம்பெனி முத்திரை மேல் தாள் ஒட்டி, கலந்துபோட்டு, ஒன்று முதல் நாற்பது வரை நம்பர் போடச் சொன்னார். எது யாருடையது என்ற பட்டியலை மடித்துப் பெருமாள் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் பிளேடுக்கு நீலா செய்த அதே வேலை.

பத்து மணிக்கு உட்கார்ந்தவர் மூன்று மணி வரை எழுந்திருக்கவில்லை. சாப்பிடவும் போகவில்லை. ஏழாம் நம்பர் ஃபெயில். பத்தொன்பது ஃபெயில். இருபத்திரண்டு, முப்பத்தொன்று. ஒவ்வொன்றுக்கும் உள்ளுக்குள் ஒரு குதூகலம் பொங்கியது. இது அவன் சரக்காகத்தான் இருக்கும், இருக்க வேண்டும். ஒரு சரக்கு கெட்டதாக இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது அன்றுதான் முதல் தடவை. அந்த ஆசை தெரிந்ததும் தன் மேலேயே கோபம் வந்து, நாலையும் மறுபடி இரண்டு தடவை அளந்தார். மீட்டர் முள் அதே இடத்தில்தான் நின்றது.

பெருமாள் பட்டியலைப் பிரித்தார். நாலுமே மற்றக் கம்பெனியுடையவை. இளங்கோவன் கம்பெனியின் இருபதும் குண்டுமணி அளவு குறை சொல்ல முடியாத சரக்கு.

சக்ரபாணி முத்திரையை ஓங்கிக் குத்தினார். மேஜையில் இருந்த டம்ளர் ஆடியது.

ரிசெப்ஷனில் இளங்கோவன் காத்திருந்தான். சக்ரபாணி வருமுன்னே செய்தி அவனிடம் வந்திருந்தது.

"ரொம்ப நன்றி அத்தான். செஞ்சிட்டீங்க."

"நான் ஒண்ணும் செய்யல. சரக்கு நல்லா இருந்துச்சு."

"ஆமா அத்தான், ஆமா." அவன் சிரித்தான்.

"நல்ல சரக்குக்கு எதுக்குடே சிபாரிசு?"

"நல்ல சரக்குன்னு எனக்கு எப்படி அத்தான் தெரியும்? எங்ககிட்ட மீட்டர் ஏது? நீங்க சோதிச்சாத்தான உண்டு."

சக்ரபாணி பையை அவன் மடியில் வைத்தார். "எடுத்துட்டுப் போ. இனி என் வீட்டுப் படி ஏறாத."

"அக்கா சங்கடப்படுவாங்க அத்தான்."

"அந்த வார்த்தைய இன்னொரு தடவ சொன்னே..." முடிக்கவில்லை. முடிக்க அவருக்கு வசவு தெரியவில்லை.

இளங்கோவன் எழுந்தான். கிளம்புகிறவன், சும்மா கேட்கிற மாதிரி, "அதுல எந்த பிளேடு அத்தான் நல்லா இருந்துச்சு?" என்றான்.

"சோதனை முடியல," என்றார் சக்ரபாணி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் ரேசர் இருந்தது. பக்கத்துக் கடையில் கிடைக்கிற மட்டமான தினுசு.

"இது நான் வாங்கினது," என்றாள் நீலா. "அவன் சரக்கு எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு."

"அப்பம் அவன் கெட்டவன் இல்லல்ல?"

சக்ரபாணி நுரையைக் குழைத்துக்கொண்டே இருந்தார். தீபாவளிச் சேலை மடித்த மடிப்போடு கட்டில் மேல் கிடந்தது. அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வலது கன்னத்தை மழித்தார். இரண்டு இடத்தில் வெட்டியது.

திங்கட்கிழமை பெருமாள் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். யாரோ ரிசெப்ஷனில் கொடுத்துவிட்டுப் போனார்களாம். பழுப்புத் தாள் சுற்றி, மேலே சக்ரபாணியின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. பிரித்தார். உள்ளே மரக் கைப்பிடி போட்ட ஷேவிங் பிரஷ், சோப்புக் கிண்ணம்.

யார் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஒருத்தன் ரேசர் கொடுத்தான், பாஸாகிவிட்டது. இன்னொருத்தன் ஒன்றும் கொடுக்கவில்லை, ஃபெயிலாகிவிட்டது. பாதி முகத்தோடு அவர் தொழிற்சாலை முழுக்க நடந்து காட்டியதில் மல்லாப்பூர்க்காரர்களுக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

பெருமாள் தயங்கி நின்றார். "சார், அந்த ஃபெயிலான கம்பெனி வேற லாட் அனுப்பியிருக்கு. சலான்ல தாள் ஒட்டட்டுமா, வேண்டாமா?"

சக்ரபாணிக்குக் காது மடல் சிவந்தது. குரல் இறங்கியது.

"அவங்க பேரு மேல ஒட்டி என்ன பிரயோசனம் பெருமாள்? என் பேரு மேல ஒட்டுங்க."