நின்றுபோன அத்தியாயம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி. ஜெயராணி வஞ்சிரம் மீன் துண்டுகளைத் தோசைக்கல்லில் திருப்பிப் போட்டபடி நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்தாள். கூடத்தில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. கணவன் ராபர்ட்டும், அவனோடு வேலை செய்யும் சிங்காரமும், இன்னும் இரண்டு நண்பர்களும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"ராணி, இன்னும் நாலு துண்டு கொண்டா."

"தோ வரேங்க."

மஞ்சக்குப்பத்தில் அவர்கள் வீட்டிலிருந்து நூலகம் கூப்பிடு தூரம்தான். அங்கே மாடியில் ஞாயிறுதோறும் மூன்று மணிக்குப் பெண்கள் வாசகர் வட்டம் கூடும். எடுத்துக்கொண்ட நாவலுக்கு ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. அதனால் வாரம் ஒருத்தி ஒரு அத்தியாயத்தைச் சத்தமாகப் படிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். கதையில் மரகதம் என்றொரு பெண். விட்டுவிட்டுப் போன புருஷன் பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு ராத்திரி வந்து கதவைத் தட்டுகிறான். அவள் தாழ்ப்பாளில் கை வைக்கும்போது அத்தியாயம் முடிந்திருந்தது. அடுத்ததைப் படிப்பது ஜெயராணியின் முறை.

பள்ளிக்கூடத்துப் பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கிய குரல் அவளுடையது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அது "சாப்புட வாங்க" என்பதற்கு மேல் அதிகம் பேசியதில்லை. அந்த ஒரு நாளுக்காக அவள் எப்படி ஏங்கினாள் என்பது இஸ்திரி போட்டு எடுத்து வைத்த ஊதாச் சேலைக்குத்தான் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால், புறப்படுகிற நேரத்தில் ராபர்ட் கேட்டான்: "வாரத்துல ஒரு நாள்தான் எனக்கு லீவு. அன்னிக்கும் நீ கெளம்பணுமா? கதைதான, டிவியிலயே வருதே."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். சேலை பீரோவுக்குள் திரும்பப் போனது. அடுத்த வாரம் விருந்தாளிகள். இதோ இந்த வாரமும்.

வாசல் மணி அடித்தது. திறந்தால் தையல் கடை சவரியம்மாள், இட்லி விற்கும் பொன்னி, பின்னால் இன்னும் இரண்டு பெண்கள். சவரியம்மாள் கையில் அந்தப் புத்தகம்.

"என்னக்கா திடீர்னு?"

"என்னா பண்றது? வேற யாராவது படிச்சுடுங்கன்னு போன்ல சுளுவாச் சொல்லிட்ட. ஒன் மொறைய நாங்க எடுத்துக்க முடியுமா? அதான் கதையத் தூக்கிக்கினு இங்கயே வந்துட்டோம்."

பொன்னி நூலகத்து மாலை வகுப்பில் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள். அவளுக்குக் கதையெல்லாம் காது வழிதான். "மூணு வாரமா அந்தப் பொம்பள தாப்பாள்ல கைய வெச்சிக்கினே நிக்கிறாக்கா. மாவாட்டும்போதெல்லாம் அதே நெனப்பு. ஒண்ணு தொறக்கச் சொல்லு, இல்ல போய்ப் படுக்கச் சொல்லு."

ராபர்ட் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "உள்ள போய் பேசுங்க, மேட்ச் ஓடுது" என்றான்.

சமையலறைத் தரையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். ஜெயராணி அடுப்பைத் தணித்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கினாள். முதல் பத்தியில் நாக்கு இடறியது. இரண்டாவது பத்தியில் கரண்ட் போனது. டிவியும் மின்விசிறியும் ஒன்றாக அடங்க, வீடு முழுக்க அவள் குரல் மட்டும் மிஞ்சியது. அவள் அதைக் கவனிக்கவில்லை. மரகதத்தோடு இருட்டில் நின்றிருந்தாள். அவளுக்காகத் தயங்கினாள், அவளுக்காகத் தாழ்ப்பாளை நீக்கினாள்.

மூச்சு வாங்க நிமிர்ந்தபோது ராபர்ட் நிலைப்படியில் நின்றிருந்தான், கையில் காலித் தட்டு.

"மீனு கல்லுலயே இருக்குங்க, தோ..."

"இரு. நிறுத்தாத."

மரகதம் கதவைத் திறந்தாள். ஆனால் உள்ளே வா என்று சொல்லவில்லை. அத்தியாயம் அங்கே முடிந்தது. கூடத்திலிருந்து சிங்காரத்தின் குரல் வந்தது: "அப்புறம் என்னாச்சு தங்கச்சி? உள்ள வுட்டாளா இல்லியா?"

"அடுத்த வாரம்தான்ணே தெரியும்."

ராபர்ட் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒன்னப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கு, உள்ள ஒன் தம்பிக்குப் பாடம் படிச்சுச் சொல்லிக்கினு இருந்த. அந்தக் கொரலக் கேட்டுத்தான் சரின்னேன். எங்கம்மா கிட்ட கூட சொன்னதில்ல."

ஜெயராணிக்கு அது புதுச் செய்தி. இத்தனை வருஷமாகத் தன் குரல் இந்த வீட்டில் யாருக்கும் வேண்டாதது என்றே நினைத்திருந்தாள்.

"இனிமே இங்கயே வந்து படிங்களேன்" என்றான் அவன், பெரிய மனசோடு.

"இல்லங்க." அவள் குரல் நடுங்கவில்லை. "இங்கன்னா ஒரு கண்ணு புத்தகத்துல, ஒரு கண்ணு அடுப்புல இருக்கும். நடுவுல நாலு துண்டு கொண்டான்னு கூப்புடுவீங்க. அங்க போனா ரெண்டு மணி நேரம் நான் வெறும் ஜெயராணிங்க. எனக்கு அதுதான் வேணும்."

கல்லில் ஒரு துண்டு கருகும் வாசனை வந்தது. ஜெயராணி எழுந்திருக்கவில்லை. ராபர்ட்தான் உள்ளே வந்து, அதை எப்படித் திருப்புவது என்று தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டு, ஒருவழியாக அடுப்பை அணைத்தான்.

கூடத்தில் சிங்காரம் உற்சாகமாகிவிட்டான். "மச்சான், அப்ப அடுத்த வாரமும் இங்கதான். மீனும் ஆச்சு, கதையும் ஆச்சு."

"அடுத்த வாரம் அவ நூலகத்துக்குப் போறா."

"அப்ப மீனு?"

"நீயும் நானும் வறுப்போம். எப்புடி வந்தாலும் தின்னுதான் ஆவணும்." சுட்ட விரலை ஊதிக்கொண்டே ராபர்ட் சொன்னான்: "எனக்கு லீவு, எனக்கு லீவுன்னுதான் இத்தினி வருஷமா சொல்லிக்கினு இருந்தேன். என் லீவு மொத்தத்தையும் அவ தலையில வேலையா ஏத்தி வெச்சிருக்கேன், மச்சான். வூட்ல ஒருத்தருக்கு மட்டும் கெடைச்சா அதுக்குப் பேரு ஓய்வு இல்ல, திருட்டு. வூட்டுப் பொம்பளைக்கும் அவளுக்குன்னு ரெண்டு மணி நேரம் வேணும். அத நாம குடுக்கறதுகூட இல்ல, அது அவளோடதுதான்."